வாய் திறக்காத கண்ட்ரோலர்

காது கேட்காதவனுக்கு ரேடியோ எதற்கு என்று குடியாத்தத்தில் என்னைக் கேட்காத ஆள் இல்லை. பஸ் ஸ்டாண்டு டீக்கடைக்காரர் கேட்டார். நூல் வியாபாரி கேட்டார். கையில் மல்டிமீட்டரோடு நான் தெருவில் நுழைவதைப் பார்த்ததும் தறி ஓட்டுகிறவர்களில் பாதிப் பேர் கேட்டார்கள். "உங்களுக்கெல்லாம் காது நல்லாத்தான கேக்குது, நீங்க ரேடியோ வச்சிக்கினு இன்னா கிழிச்சீங்க?" என்று நானும் திருப்பிக் கேட்பேன். அந்த ஊரில் எனக்கு மரியாதை கம்மி என்றால் அதற்கு இதுதான் காரணம்.

காது போனவன் என் தோஸ்த். லுங்கி நெய்கிற குடும்பம். அப்பா காலத்தில் கைத்தறி, இவன் காலத்தில் பவர்லூம். வீட்டை ஒட்டிய ஷெட்டில் காலையில் தறிகள் ஓட ஆரம்பித்தால் பக்கத்தில் நிற்பவன் வாய் அசைவதுதான் தெரியும், சத்தம் வராது. நான் ஆம்பூரில் ஒரு ஷூ கம்பெனியில் எலக்ட்ரிக்கல் மெயின்டனன்ஸ். லுங்கிக்காரனுக்கும் செருப்புக்காரனுக்கும் சிநேகம் உண்டாக்கியது ஹாம் ரேடியோ.

ஹாம் ரேடியோ என்றால், சர்க்கார் ஒரு பரீட்சை வைத்து லைசென்ஸ் கொடுக்கும். அதை வைத்துக்கொண்டு வீட்டிலிருந்தே ஒலிபரப்பி, முன்பின் தெரியாத எவனோடும் பேசலாம். வியாபாரம் பேசக் கூடாது, அரசியல் பேசக் கூடாது, பாட்டுப் போடக் கூடாது. மிச்சம் என்ன இருக்கிறது என்று கேட்டால், வெயில், மழை, ஏரியல் கம்பியின் நீளம். இதற்காக எழுபதுகளில் நானும் அவனும் மெட்ராஸுக்கு ஒரே ரயிலில் போய்ப் பரீட்சை எழுதினோம். விசாரணைக்கு வந்த போலீஸ்காரர் என்னிடம், "பாகிஸ்தானோட பேசுவியா?" என்று கேட்டார். "பேசினா பிரியாணி எப்டி பண்றாங்கன்னு கேப்பேன் சார்" என்றேன். லைசென்ஸ் வருவதற்கு ஏன் அவ்வளவு காலம் ஆயிற்று என்று என் மனைவி இன்றைக்கும் விளக்குவாள்.

மோர்ஸ் என்கிற தந்திச் சங்கேதத் தேர்வில் நான் வியர்த்து வழிந்துகொண்டு கட்டுக் கடா என்று புள்ளியும் கோடுமாகக் கிறுக்கிக்கொண்டிருந்தேன். அவன் பென்சிலைத் தொடவே இல்லை. கண்ணை மூடிக் கேட்டுவிட்டு, கடைசியில் மொத்தமாக எழுதிக் கொடுத்தான். அப்படி ஒரு காது. அப்படி ஒரு வாயும்கூட. சாயந்திர நேரத்தில் அவன் மைக்கைப் பிடித்தால் பெங்களூர்க்காரர்கள் "ஓவர் சொல்லுய்யா, ஓவர் சொல்லு" என்று கெஞ்சுவார்கள்; அதைச் சொல்லி முடித்தால்தான் அடுத்தவன் வாய் திறக்கலாம். பாலாற்றில் தண்ணீர் வந்ததை மட்டும் ஒரு சாயந்திரம் முழுக்கப் பேசியிருக்கிறான். வந்த தண்ணீரே அவ்வளவு நேரம் ஓடவில்லை.

எண்பதுகளின் நடுவில் அவன் பேச்சு குறைந்தது. கூப்பிட்டால் வேறு யாருக்கோ பதில் சொல்வான். கேட்டதை விட்டுவிட்டுக் கேட்காததற்குப் பதில் சொல்வான். பிறகு மொத்தமாகவே நின்றுவிட்டான். லுங்கி ஏற்றுமதியில் கொழுத்துவிட்டான், தலைக்கனம் ஜாஸ்தி ஆகிவிட்டது என்று ரேடியோக்காரர்கள் பேசிக்கொண்டார்கள். ஏற்றுமதி செய்தவன் வேறு ஆள். இவன் உள்ளூர்ச் சந்தைக்கு நெய்துகொண்டிருந்தான்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை ஆம்பூருக்கு வந்தான். நான் சர்ச்சிலிருந்து வெளியே வரும்போது வாசலில் நின்றுகொண்டிருந்தான். பிரியாணிக் கடைக்குக் கூட்டிப் போனேன். இலை போட்டதும் என் பக்கம் குனிந்து, "உன்கிட்ட ஒரு ரகசியம் சொல்லணும்" என்று கூரை அதிரக் கத்தினான். கத்திரிக்காய்ப் பச்சடி ஊற்ற வந்தவர் கரண்டியோடு அப்படியே நின்றார்.

"எனக்குக் காது போய்டுச்சிடா. ஊட்டுல தவிர யாருக்கும் தெரியாது."

அந்த நிமிஷத்திலிருந்து ஆம்பூர் ரயில்வே ஸ்டேஷன் வரைக்கும் தெரிந்துவிட்டது. மெதுவாகப் பேசுடா என்று கையால் காட்டினேன். அவன் அதைச் சாப்பாட்டைப் பற்றி என்று எடுத்துக்கொண்டு, "நல்லாத்தான் கீது" என்று இன்னொரு முறை கத்தினான். வேலூரில் டாக்டரிடம் காட்டியாயிற்று. தறிச் சத்தம் உள்ளே நரம்பைத் தின்றுவிட்டது, மிஷின் வைத்தாலும் சத்தம் பெரிதாகுமே தவிரப் பேச்சு புரியாது என்று சொல்லி அனுப்பிவிட்டார்கள். மோர்ஸையாவது விரலால் கேட்கலாம் என்று ஸ்பீக்கரின் மேல் விரல் வைத்துப் பார்த்திருக்கிறான். ஷெட்டில் ஓடுகிற தறியின் அதிர்வு சுவர், மேசை எல்லாவற்றிலும் ஏறி வந்து அதையும் குழப்பியது.

"ஷெட்ல எனக்கு ஒரு கொறையும் இல்லடா. அங்க எல்லாரும் செவுடன்தான், கையாலதான் பேசறோம். ரேடியோ முன்னாடி குந்தினாத்தான் நான் செவுடன். என்னால பேச முடியுது. எவன் இன்னா பதில் சொல்றான்னு தெரியல. அப்புறம் இன்னாத்துக்குப் பேசறது?"

இதையும் கத்தித்தான் சொன்னான். கடையில் ஒருவர்கூடச் சிரிக்கவில்லை. எனக்குப் பிரியாணி இறங்கவில்லை. ஆம்பூர்க்காரனுக்குப் பிரியாணி இறங்கவில்லை என்றால் அது சாதாரண விஷயம் இல்லை. அந்த மனுஷனுக்குத் திரும்பவும் நாலு பேரோடு பேச ஒரு வழி வேண்டும், அது கிடைக்காவிட்டால் இவன் உள்ளேயே புழுங்கிச் செத்துவிடுவான் என்று எனக்குப் பயமாக இருந்தது.

வழி இத்தாலியிலிருந்து வந்தது. எங்கள் கம்பெனிக்குத் தோல் பிளக்கிற மிஷின் ஒன்று வந்திருந்தது. அதை நிறுவ வந்த இத்தாலிக்கார இன்ஜினியர், கம்பெனி மாடியிலிருந்து என் வீட்டு ஏரியலைப் பார்த்ததும் மிஷினை மறந்துவிட்டார். அவரும் ஹாம். அவருடைய ஊரில் இப்போது யாரும் பேசுவதில்லை, எல்லோரும் டைப் அடிக்கிறார்கள் என்றார். பாக்கெட் ரேடியோ என்று அதற்குப் பெயர். எங்கள் பக்கம் அன்றைக்குப் பாக்கெட் என்றால் சாராயம் என்று அவருக்கு விளக்க வேண்டியிருந்தது.

ஒரு கம்ப்யூட்டர், ஒரு ரேடியோ, இரண்டுக்கும் நடுவில் ஒரு பெட்டி. அந்தப் பெட்டிதான் கண்ட்ரோலர். நீங்கள் டைப் அடிக்கிற வரிகளை அது துண்டு துண்டாகக் கட்டி, ஒவ்வொரு கட்டின் மேலும் யாரிடமிருந்து யாருக்கு என்று எழுதி, கீச்சுக் கீச்சென்ற சத்தமாக மாற்றி ரேடியோவில் அனுப்பும். அந்தப் பக்கத்துப் பெட்டி சத்தத்தைத் திரும்ப எழுத்தாக்கித் திரையில் காட்டும். வழியில் ஒரு எழுத்து கெட்டுப்போனாலும், வாங்கிக்கொண்டேன் என்று பதில் சொல்லாது. பதில் வராதவரை இந்தப் பெட்டி அதே கட்டைத் திரும்பத் திரும்ப அனுப்பும். அதைவிட முக்கியமான குணம் ஒன்று உண்டு. அனுப்புவதற்கு முன்னால் அலைவரிசையில் வேறு யாராவது பேசுகிறார்களா என்று கவனிக்கும். பேசினால், முடியும்வரை காத்திருக்கும். எங்கள் கம்பெனி மீட்டிங் எதிலும் அந்த நாகரிகத்தை நான் கண்டதில்லை.

இத்தாலிக்காரர் சொல்லி முடிப்பதற்குள் எனக்குத் தலை சுற்றியது. திரையில் எழுத்தாக வருகிறது! காதே வேண்டாம்! "இந்த மாதிரி ரெண்டு பெட்டி வேணும்" என்று அவர் கையைப் பிடித்துக்கொண்டேன். அடுத்த முறை மிஷினைச் சரிபார்க்க வந்தபோது சாக்ஸுக்குள் சுற்றி இரண்டைக் கொண்டுவந்தார். அந்த மிஷினில் ஏதாவது ஒன்று கெட்டுப்போய் அவர் திரும்ப வர வேண்டும் என்று நான் வேண்டிக்கொண்டது கடவுளுக்கும் எனக்கும் மட்டும் தெரிந்தது.

பெட்டியைச் செய்தவன் மகா கஞ்சன். முன்பக்கம் இரண்டே விளக்கு: ஒன்று கரண்ட் இருக்கிறது என்பதற்கு, இன்னொன்று அனுப்பிக்கொண்டிருக்கிறேன் என்பதற்கு. மற்றதெல்லாம் உள்ளே என்ன நடக்கிறது என்று நாமே ஊகிக்க வேண்டும். இரண்டையும் என் வீட்டு மேசையில் எதிரெதிரே வைத்தேன். டிவியில் மாட்டுகிற பழைய வீட்டுக் கம்ப்யூட்டர்கள் இரண்டு, மெட்ராஸ் ரிச்சி தெருவில் பொறுக்கியவை. டாக்சிகளிலிருந்து கழற்றி விற்ற பழைய வயர்லெஸ் செட்டுகள் இரண்டு. பிறகு சமையல்தான். பெட்டிக்குள் கட்டளை கட்டளையாக மாற்றிப் பார்க்க வேண்டும்.

டாக்சி செட்டில் கேட்பதிலிருந்து அனுப்புவதற்கு மாற்றிவிடுகிற ரிலே ஒன்று இருந்தது, சோம்பேறி ரிலே. அது டொக்கென்று விழுவதற்குள் பெட்டி பேச ஆரம்பித்து, முதல் எழுத்துகள் காற்றில் போயின. அதற்கு டிஎக்ஸ் டிலே என்று ஓர் அளவு. அனுப்பு என்று செட்டுக்குச் சொன்னபின் பெட்டி எவ்வளவு பொறுக்க வேண்டும் என்று சொல்வது. அதைக் கூட்டினேன். ரொம்பக் கூட்டினால் வேலை நகராது, குறைத்தேன். பதில் வராவிட்டால் எத்தனை முறை திரும்ப முயல வேண்டும், ஒரு கட்டில் எத்தனை எழுத்து, சத்தம் எவ்வளவு பெரிதாகப் போக வேண்டும் என்று ஒவ்வொன்றாக மாற்றி மாற்றிப் பார்த்தேன். போதாததற்கு ஆம்பூர்க் காற்று வேறு. தோல் பதனிடுகிற ஷாப்புகளில் சுண்ணாம்புத் தொட்டியிலிருந்து வருகிற நாற்றத்துக்கு வெள்ளிக் கொலுசே கறுத்துப் போகும். ரிலேயின் முனைகள் எம்மாத்திரம்? வாரம் ஒருமுறை சுரண்டிச் சுத்தம் பண்ண வேண்டும்.

கடைசியில் ஒருநாள் இரண்டு டிவியிலும் ஒரே நேரத்தில் 'கனெக்டட்' என்று விழுந்தது. இடது பக்கம் அடித்தது வலது பக்கம் வந்தது. நான் கத்திக் குதித்ததைப் பார்த்து, ஷாக் அடித்துவிட்டது என்று என் மனைவி மெயின் சுவிட்சை அணைத்துவிட்டாள்.

ஒரு கம்ப்யூட்டரையும் பெட்டியையும் செட்டையும் சாக்குப் பையில் கட்டி, மாதனூர் வழியாகப் போகிற பஸ்ஸில் குடியாத்தம் கொண்டுபோனேன். மொட்டை மாடியில் சாயம் போட்டுக் காய்கிற நூலுக்கு நடுவே ஏரியல் கட்டினோம். கரண்ட் போனாலும் தாக்குப்பிடிக்க, செட்டையும் பெட்டியையும் ஒரு லாரி பேட்டரியில் மாட்டினேன். செட்டில் ஸ்குவெல்ச் என்று ஒரு குமிழ் உண்டு: யாரும் பேசாத நேரத்தில் ரேடியோ போடுகிற வெற்று இரைச்சலை அடக்கி வைக்க. அதைச் சரியான இடத்தில் வைத்து, தொடாதே என்று சைகை காட்டினேன். எங்கள் பாஷை ஆங்கில எழுத்தில் தமிழ் என்று முடிவு பண்ணிக்கொண்டோம். ரேடியோ கண்காணிக்கிற சர்க்கார் ஆபீசர் அதைப் பார்த்து உளவு என்று நினைத்தால் அது அவர் பாடு.

ஆம்பூர் திரும்பி, சாயந்திரம் கூப்பிட்டேன். பதில் இல்லை. என் பெட்டி விடாமல் முயன்று, களைத்து, 'முயற்சி தீர்ந்தது' என்று ஆங்கிலத்தில் சொல்லிவிட்டு உட்கார்ந்துகொண்டது. மறுநாளும் அதே. அதற்கு மறுநாளும்.

பிறகு கம்பெனிக்குப் போன் வந்தது. நூல் வியாபாரி வீட்டிலிருந்து அவன் மனைவி பேசினாள்.

"ண்ணா, நீங்க கூப்புடறது டிவில வருதாம். நல்லா எழுத்தெழுத்தா வருதாம். இவரு பதில் அடிக்கிறாராம். பொட்டி அனுப்பவே மாட்டேங்குதாம்."

"பொட்டில வெளக்கு ரெண்டும் எரியுதாம்மா?"

"ஒண்ணுதான் எரியுது. இன்னொண்ணு கண்ணே தொறக்கல. இவரு சோறு திங்காம அதையே பாத்துக்கினு குந்திக்கினு இருக்காரு. பேஜாரா கீதுண்ணா. ஒரு தடவ வந்துட்டுப் போங்க."

நான் கூப்பிடுவது அவனுக்குத் தெரிகிறது! அவன் கத்துவது எனக்கு வரவில்லை! முன்பு இருந்த கதியை அப்படியே திருப்பிப்போட்ட மாதிரி இருந்தது. இதைவிட அந்தப் பெட்டி எரிந்து போயிருந்தால் அவனுக்கு நிம்மதியாக இருந்திருக்கும். எனக்கு வந்த கோபத்துக்கு அளவே இல்லை. யார் மேல் என்றுதான் தெரியவில்லை, ஆகவே எதிரில் வந்த ஸ்டோர் கீப்பர் மேல் காட்டினேன்.

லீவு போட்டுவிட்டு, பற்றவைக்கிற சாமான்களோடு போனேன். கம்ப்யூட்டர் முன்னால் அவன் உட்கார்ந்திருந்தான். முகம் சுண்டிப்போயிருந்தது. என்னைப் பார்த்ததும் சிரிக்கவில்லை, நாற்காலியை மட்டும் நகர்த்திக் கொடுத்தான். அவன் தறிகளோடு பக்கத்து வீட்டுத் தறிகளும் ஓடிக்கொண்டிருந்தன. என் பல்லே ஆடியது.

ஆம்பூர்க்காரன் புத்தி எங்கே போகும்? நேராக ரிலே முனைகள்தான். கழற்றிப் பார்த்தால் புதுப் பாத்திரம் போலப் பளபளவென்று இருந்தன. குடியாத்தத்தில் கறுக்க வைக்கிற காற்று ஏது? இருந்தாலும் சுரண்டினேன். கையால் பொத்தானை அமுக்கினால் செட் ஒழுங்காக அனுப்பியது. எலி கடித்திருக்கும் என்று ஒயரைத் தடவினேன், கடிக்கவில்லை. டிஎக்ஸ் டிலேயைக் கூட்டினேன், குறைத்தேன். பெட்டியின் எல்லா அளவுகளையும் அழித்துப் புதிதாகப் போட்டேன். ஒவ்வொன்றும் மாற்றியபின் அவனை அடிக்கச் சொல்வேன். அவன் ஒரு வரி அடிப்பான். பெட்டி அதை விழுங்கிக்கொண்டு கம்மென்று இருக்கும். அடுத்த வரி. அதையும் விழுங்கும். தறிச் சத்தத்தில் நான் பெட்டியைத் திட்டிய வசவுகள் எனக்கே கேட்கவில்லை. அது ஒன்றுதான் அன்றைக்கு நடந்த நல்ல காரியம்.

வெயில் ஏறியபோது அவன் எழுந்தான். என் கையிலிருந்த ஸ்க்ரூ டிரைவரை வாங்கி மேசையில் வைத்தான்.

"போதும்டா. இந்த செட்டு, பொட்டி எல்லாத்தையும் நீயே எடுத்துக்கினு போ. லைசென்ஸையும் திருப்பி அனுப்பிடறேன். நான் தறியோடவே இருந்துடறேன்."

வாய் அசைவைத்தான் படித்தேன். முடியாது என்று தலையாட்டினேன். "எடுறா" என்றான். முடியாது என்றேன். அவன் செட்டின் பின்னால் குனிந்து ஏரியல் ஒயரைத் தானே திருக ஆரம்பித்தான். நான் அவன் கையைப் பிடித்தேன். அரைக் கிழவர்கள் இரண்டு பேர் ஒரு ஒயருக்காக மல்லுக்கட்டுவதை அவன் மனைவி கதவருகில் நின்று பார்த்துக்கொண்டிருந்தாள். அவள் கண் நிறைந்திருந்தது. இவ்வளவு தூரம் வந்து, இந்த மனுஷனை மறுபடியும் ஊமையாக்கிவிட்டுப் போகப் போகிறேனே என்று என் மேலேயே காறித் துப்பத் தோன்றியது.

அப்போது கரண்ட் போனது.

டிவி அணைந்தது. இவன் தறிகள் நின்றன, பக்கத்து வீட்டுத் தறிகள் நின்றன, தெருவே நின்றது. அந்த அமைதியில் மேசையிலிருந்து புஸ்ஸ்ஸ் என்று ஒரு சத்தம். காய்ந்த எண்ணெயில் தண்ணீர் தெளித்தது போல, நிற்காமல். லாரி பேட்டரியில் ஓடுகிற ரேடியோ செட்டுதான். யாருமே பேசாத அலைவரிசையின் வெற்று இரைச்சலை அது உச்ச ஸ்தாயியில் கொட்டிக்கொண்டிருந்தது.

"இது எப்பவுமே இப்டித்தான் கத்துமா?" என்று அவன் மனைவியைக் கேட்டேன்.

"ஆமாண்ணா. சாயந்திரம் தறி நின்னா புஸ்ஸுனு கேக்கும். ரேடியோன்னா அப்டித்தான் போலன்னு நெனச்சேன்."

குனிந்து ஸ்குவெல்ச் குமிழைப் பார்த்தேன். நான் வைத்த இடத்தில் இல்லை. கடைசிவரை திறந்து கிடந்தது. முதல் நாள் என் அழைப்பு டிவியில் வராததால், சிக்னல் வீக் என்று இந்த மகானுபாவன் அதை முழுக்கத் திறந்திருக்கிறான். தப்பென்று சொல்ல முடியாது. மெலிந்த சிக்னலைப் பிடிக்கப் பழைய ஹாம்கள் எல்லோரும் செய்வதுதான். காது கேட்கிறவன் அந்த இரைச்சலை ஒரு நிமிஷம் தாங்க மாட்டான், உடனே மூடிவிடுவான். இவனுக்கு அது கேட்கவில்லை. தறிச் சத்தத்தில் எனக்கும் கேட்கவில்லை. அந்த வீட்டில் அதைப் பேச்சு என்று எடுத்துக்கொண்டது கண்ட்ரோலர் ஒன்றுதான். யாரோ ஓயாமல் பேசிக்கொண்டிருக்கிறார்கள் என்று நினைத்து, நாகரிகமாக, நாள்கணக்கில், அவர் முடிக்கட்டும் என்று காத்திருக்கிறது!

நான் குமிழைத் திருப்பினேன். இரைச்சல் அறுந்தது. சொல்லிவைத்த மாதிரி ரிலே டொக்கென்று விழுந்தது. பெட்டியில் அதுவரை கண் திறக்காத இரண்டாவது விளக்கு எரிந்தது. அணைந்தது. மறுபடி எரிந்தது. காலையிலிருந்து அவன் அடித்து அது விழுங்கியதெல்லாம் வரிசையாக வெளியே கொட்டியது.

அவனுக்கு இரைச்சல் நின்றது தெரியாது. விளக்கு தெரிந்தது. ஒயரை விட்டுவிட்டு, அந்த விளக்குக்கு நேராக முகத்தைக் கொண்டுபோய் உட்கார்ந்தான். எரிந்து எரிந்து அணைகிற ஒவ்வொரு தடவையும் அவன் உதடு அசைந்தது. கடைசி வரி போய் விளக்கு அணைந்தபின் என் சட்டையைப் பிடித்துக்கொண்டு அழுதான். அவன் மனைவி முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு உள்ளே போனாள். குமிழைக் காட்டி விஷயத்தைச் சொன்னபோது அழுதுகொண்டே தலையில் அடித்துக்கொண்டான்.

சாயந்திரம் வீடு வந்து சேர்ந்தேன். ஆம்பூரில் கரண்ட் போகவில்லை. காலையில் நான் அணைக்க மறந்த டிவியில் குடியாத்தத்திலிருந்து வந்த வரிகள் பத்திரமாக இருந்தன. முதல் வரி, 'டெஸ்ட்'. இரண்டாவது, 'டெஸ்ட்'. மூன்றாவது, 'இவனுக்கு ஒண்ணும் தெரியல, சும்மா சுரண்டறான்'. அதற்கடுத்தது, 'இத்தாலிக்காரனையே கூப்பிட்டிருக்கலாம்'. பக்கத்தில் நின்று உதவி செய்கிற மாதிரி முகத்தை வைத்துக்கொண்டு இதைத்தான் அடித்திருக்கிறான், நாய்! என் மனைவி படித்துவிட்டு, நல்ல சிநேகிதர்தான், உங்களைச் சரியாகப் புரிந்துவைத்திருக்கிறார் என்றாள்.

அதற்குப் பிறகு அவனை யாரால் நிறுத்த முடிந்தது? அடைத்து வைத்திருந்த பேச்செல்லாம் அவிழ்ந்து வந்தது. இத்தாலிக்காரர் சொன்ன பாதையில் சிலர் பெங்களூரிலும் மெட்ராஸிலும் பெட்டி வாங்கினார்கள். மலைமேல் ஒருவர், வருகிற கட்டுகளை நடுவழியில் வாங்கி அடுத்த ஊருக்குத் தள்ளிவிடுகிற மாதிரி ஒரு பெட்டி வைத்தார். அவன் அவர்கள் எல்லோரோடும் அடித்தான். அவன் செவிடு என்று அவர்களில் ஒருவருக்கும் தெரியாது. தெரிய வேண்டிய அவசியமும் இல்லை, திரைக்கு முன்னால் எல்லோரும் செவிடுதான். சில நாள் அவன் மனைவி நூல் வியாபாரி வீட்டிலிருந்து போன் பண்ணுவாள். "ண்ணா, சோறு ஆறுது, கூப்ட்டா திரும்ப மாட்டேங்கறாரு. கொஞ்சம் சொல்லுங்கண்ணா." நான் ஆம்பூரிலிருந்து அடிப்பேன்: 'தின்னுட்டு வந்து குந்து.' அடுக்களையிலிருந்து பக்கத்து அறைக்குப் போக வேண்டிய சொல் பாலாற்றைத் தாண்டி வந்து திரும்பிப் போகும். அவன் எழுந்து போவான்.

இப்படியே ஒரு வருஷத்துக்கு மேல் ஓடியது. ஒரு சாயந்திரம் வழக்கமான வம்பெல்லாம் முடிந்தபிறகு இன்னொரு வரி வந்தது.

'ஒண்ணு கேக்கணும். உன் குரல் எப்டி இருக்கும்?'

'கழுதை மாதிரி. அதுக்கு இன்னா இப்ப?' என்று அடித்தேன்.

'வெளையாட்டு இல்லடா. மொதல்ல நீ அடிக்கிறதெல்லாம் படிக்கிறப்போ உன் குரல்லயே உள்ள கேக்கும். நீ இழுத்து இழுத்துப் பேசறது, நடுவுல கொட்டாவி விடறது, எல்லாம் கேக்கும். கொஞ்ச நாளா வர மாட்டேங்குது. இப்ப நீ அடிக்கிறதும் என் குரல்லதான் வருது. பெங்களூர்க்காரனும் என் குரல்தான். நானே கேட்டு நானே பதில் சொல்லிக்கிற மாதிரி கீது. பயமா இருக்குடா.'

டிஎக்ஸ் டிலே தெரியும், ரிலே தெரியும், எவ்வளவு பொறுக்க வேண்டும் எத்தனை முறை முயல வேண்டும் எல்லாம் தெரியும். இதற்கு எந்தக் குமிழைத் திருப்புவது? திரையில் சின்னச் சதுரம் மின்னி மின்னி நின்றது. அழுகை வந்தது. அழுதேன். அழுகை முடிந்தபிறகு எப்போதும் வருகிற கோபம் வந்தது.

அடிக்க ஆரம்பித்தேன். என்ன அடிக்கிறோம் என்று பார்க்கவில்லை. ஏண்டா லூசுப் பயலே, ஒரு குமிழைத் தொடாதேன்னா தொட்டுட்டு மாசக்கணக்கா என் உயிரை வாங்கினவன் நீ, இப்ப என் குரலைத் தொலைச்சிட்டேன்னு வந்து நிக்கிற, நான் இன்னா உனக்கு லுங்கியா தொலைக்கிறதுக்கு, அறிவு கெட்ட முண்டம், அங்கயே இரு, வந்து காதுலயே நாலு வைக்கிறேன் என்று மனைவி பக்கத்தில் இருப்பதையும் பாராமல் அடித்துக்கொண்டே போனேன். அச்சில் போட முடியாததையும் அடித்தேன். ஒரு கட்டில் அடங்காமல் பெட்டி அதைத் துண்டு துண்டாக வெட்டி அனுப்பியது. ரிலே விழுந்து விழுந்து எழுந்தது. வாங்கிக்கொண்டேன், வாங்கிக்கொண்டேன் என்று அவன் பெட்டி ஒவ்வொரு துண்டுக்கும் பதில் சொன்னது.

மூச்சு வாங்க உட்கார்ந்திருந்தேன். ரொம்ப நேரம் கழித்து ஒரு வரி வந்தது.

'ம். இது நீதான். இன்னும் கொஞ்சம் திட்டுடா.'